சகாயிலிருந்து புறப்படும் ஒரு சமையல் கத்தி: பார்சல், படிவம், சுங்கம்

வெளிநாட்டுப் பார்சல்களைப் பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரியின் கையில் கத்தி இல்லை. எக்ஸ்ரே திரையில் ஒரு நிழல், பொருள் இன்னதென்று அனுப்பியவர் எழுதிய ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு தொகை, அவ்வளவுதான். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் பார்சல் நகரும். நிழலில் நீளமான கூர்முனை தெரிகிறது, படிவத்திலோ ‘உலோகப் பொருள்’ என்று இருக்கிறது என்றால் நிற்கும். சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும் சமையல் கத்திகளில் கணிசமானவை எந்தச் சட்டத்தையும் மீறாதவை. எழுதிய வரிதான் அவற்றை நிறுத்துகிறது.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஒரே ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள சகாய் நகரில் அடித்த கியூட்டோ, அதாவது ஜப்பானிய ‘ஷெஃப்’ கத்தி. அலகு நீளம் 210 மி.மீ. ஷிரோகாமி எனப்படும் கார்பன் எஃகு, துருப்பிடிக்கும் ரகம். பிடி ஹோ மரம், பிடியின் கழுத்தில் எருமைக் கொம்பால் ஆன பூண். விலை 20,000 யென். இதை லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ சிட்னிக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும்.

முதலில், போகலாமா?

கத்தியின் நீளத்தைப் பார்த்துத்தான் தடை செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் முதல் கேள்வி நீளம் அல்ல, கத்தி திறக்கும் விதமும் அதன் வடிவமும்தான். அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டின் ஸ்விட்ச்பிளேடு சட்டம் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளின் இறக்குமதியைத் தடுக்கிறது. இரண்டாகப் பிரியும் பிடிக்குள் அலகு மறையும் பட்டாம்பூச்சிக் கத்தியையும் அமெரிக்கச் சுங்க விதி அதே கூடையில்தான் போடுகிறது. விரலால் தள்ளத் தொடங்கியபின் ஸ்பிரிங் உதவும் மடக்குக் கத்திகளுக்கு 2009-இல் விலக்கு வந்தது. கனடாவில் பொத்தான் மட்டுமல்ல, மணிக்கட்டை உதறினால் விரியும் கத்தியும் தடை. சுங்கத்தில் அது 9898.00.00 என்ற எண்ணின் கீழ் பிடிபடும். கையால் உதறிப் பார்த்துத்தான் சோதிப்பார்கள் என்பதால், கடையில் சாதாரணமாக விற்கும் மடக்குக் கத்தியும் சில சமயம் அங்கே மாட்டும். திருகாணி தளர்ந்திருந்தால் உதறலில் விரிந்துவிடும். அனுப்புமுன் முறுக்கிவிடுவது நல்லது.

பிரிட்டன்தான் இதில் மிகவும் நுணுக்கம் பார்க்கும் நாடு. 1959-இல் ஸ்பிரிங் கத்தி, 1988-இல் பட்டாம்பூச்சிக் கத்தி உள்ளிட்ட ஒரு பட்டியல், 2024 செப்டம்பர் 24 முதல் ‘ஸாம்பி பாணி’ கத்திகள், 2025 ஆகஸ்ட் 1 முதல் நிஞ்சா வாள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2024 விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அலகு 8 அங்குலத்துக்கு மேல், நேரான வெட்டுவாய், கூரான முனை என்ற மூன்றும் அதில் அடிப்படை. 8 அங்குலம் என்பது 203 மி.மீ. நம் 210 மி.மீ. கியூட்டோவுக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன! ஆனால் அதோடு நிற்கவில்லை விதி. ரம்பப் பல் விளிம்பு, அலகில் ஒன்றுக்கு மேற்பட்ட துளை, முள், இரண்டுக்கு மேற்பட்ட கூர்முனை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் சேர வேண்டும். நம் கத்தியில் இவை எதுவும் இல்லை, தப்பித்தது. வெட்டிய காய் ஒட்டாமலிருக்க அலகில் வரிசையாகத் துளை போட்ட ஜப்பானியக் கத்திகள் உண்டு. பொதுவாக அவை 165 மி.மீ. அளவில் வருவதால் சிக்கல் இல்லை. அதே துளை 240 மி.மீ. கூர்முனைக் கத்தியில் இருந்தால் பிரிட்டனுக்கு அனுப்பாதீர்கள். துளை எதற்காகப் போடப்பட்டது என்று விளக்கிக்கொண்டிருக்க நேரிடும்.

பிரிட்டனில் இன்னொன்று: 2019-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வீட்டு முகவரிக்கு வரும் கத்தியை 18 வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுக்கக் கூடாது. சமையல் கத்திக்கும் இது பொருந்தும். வயது சரிபார்த்து ஒப்படைக்கும் சேவையைக் கூரியரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சேவை இல்லாத கூரியர், கத்தி என்று தெரிந்ததும் எடுக்க மறுப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டியோடு கத்தியும் இருக்கிறது. 9 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் அங்கே வரும் அளவுகள். 240 மி.மீ. கியூட்டோவும் மீன் சீவும் 270 மி.மீ. யனகிபாவும் 9 அங்குலத்தைத் தாண்டிவிடுகின்றன. ஆனால் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவை அந்த வகையில் சேராது என்று அதே வரியில் விலக்கும் இருக்கிறது. ஆகவே இந்தியாவுக்கு வரும் நீளக் கத்தியின் இன்வாய்ஸில் ‘வீட்டுச் சமையல் உபயோகத்துக்கு’ என்பது அலங்காரத்துக்கு எழுதும் வரி அல்ல. விதியின் விலக்கு அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது.

அனுப்பும் நாட்டின் விதியையும் மறந்துவிடக் கூடாது. ஜப்பானில் 15 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள வாளுக்குப் பதிவு தேவை. 5.5 செ.மீ.க்கு மேற்பட்ட இருபுறக் கூர்க் கத்தி 2009 முதல் தடை. பழைய வாள் நாட்டை விட்டு வெளியேற கலாசார அலுவல் துறையின் சான்று வேண்டும். சமையல் கத்தி இதில் எதிலும் வராது. ஆனால் பழம்பொருள் கடையில் வாங்கிய குட்டி வாளை ‘அலங்காரக் கத்தி’ என்று கியூட்டோவோடு ஒரே பெட்டியில் போட்டால், இரண்டும் சேர்ந்து நிற்கும்.

எண்ணும் வார்த்தையும்

சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்துவதும், உலகம் முழுக்க முதல் ஆறு இலக்கம் ஒன்றாக இருப்பதுமான எச்.எஸ். குறியீட்டில் கத்திக்கு 8211 என்பது தலைப்பு எண். உணவு மேசைக் கத்தி 8211.91. அசையாத அலகுள்ள மற்ற கத்திகள் 8211.92, நம் கியூட்டோ இங்கேதான். மடக்குக் கத்தி 8211.93. பிடி போடாத வெறும் அலகு 8211.94. பலவகைக் கத்திகள் சேர்ந்த செட் 8211.10. கறி வெட்டும் கனமான வெட்டுக்கத்தி 8211-இல் இல்லை, அது 8214.90. சீனக் காய்கறிக் கத்தியை எதில் போடுவது என்று குழப்பம் வருவது இதனால்தான். வாள், பயனெட் எல்லாம் 9307, அதாவது ஆயுதங்களுக்கான 93-ஆம் அத்தியாயம். ‘சாமுராய் கத்தி’ என்று விளம்பர மயக்கத்தில் எழுதிவிட்டால், அந்த வார்த்தை பார்சலை 82-லிருந்து 93-க்குத் தள்ளப் பார்க்கும்.

இன்று இந்த விவரம் எல்லாம் பார்சல் விமானம் ஏறும் முன்பே மின்னணுத் தகவலாக அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறது. ஜப்பான் தபாலில் 2021 முதல் அமெரிக்காவுக்கான பொருள்களுக்குக் கையால் எழுதிய லேபிளை எடுப்பதில்லை. ஆகவே வரியை முதலில் படிப்பது மனிதராக இல்லாமலும் போகலாம். டாக்டிகல், ஹண்டிங், காம்பாட், நிஞ்சா, டாகர் போன்ற சொற்கள் தேவையில்லாமல் கண்ணை இழுக்கும். வெறுமனே ‘நைஃப்’ என்றால் போதாது. ‘கிஃப்ட்’, ‘சாம்பிள்’, ‘ஹார்ட்வேர்’ எல்லாம் அதைவிட மோசம். கத்தியின் வியாபாரப் பெயரிலேயே இப்படி ஒரு சொல் இருந்தால், மாடல் எண்ணை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிடுங்கள்.

நம் கத்திக்கு எழுத வேண்டிய வரி ஏறத்தாழ இப்படி: ‘கிச்சன் நைஃப், சமையலுக்கு, அசையாத அலகு 210 மி.மீ., கார்பன் எஃகு, மரப்பிடி, 8211.92, தயாரிப்பு ஜப்பான், 1 எண்ணம், 20,000 யென்’. படிவத்தில் ஆங்கிலத்தில், ஆனால் இதே வரிசையில். படிவத்தில் இடம் போதாவிட்டால் மரப்பிடி வரையிலான முதல் ஐந்து விவரங்களும் 8211.92 என்ற எண்ணும் இருக்கட்டும், மற்றதை இன்வாய்ஸில் சேர்க்கலாம். இரண்டிலும் உள்ள தொகையும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று கத்தி அனுப்பினால் மூன்று வரி; ‘கத்திகள், 3’ என்று ஒரே வரியில் அடைக்காதீர்கள்.

பிடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கத்தியின் எஃகைவிடப் பிடிதான் அதிகம் கேள்வி கேட்க வைக்கும். எருமைக் கொம்புப் பூணை ‘ஹார்ன்’ என்று மொட்டையாக எழுதினால் வனவிலங்குப் பொருளா என்ற சந்தேகம் வரும். ஆசியக் காட்டு நீர் எருமை, நேபாளத்தின் வேண்டுகோளால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில் இருக்கிறது. வீட்டெருமைக்கு அதில் விலக்கு. ‘வீட்டு வளர்ப்பு நீர் எருமைக் கொம்பு, புபாலஸ் புபாலிஸ்’ என்று அறிவியல் பெயரோடு எழுதினால் கேள்வி பெரும்பாலும் அங்கேயே முடியும். மான் கொம்புப் பிடி, தந்தப் பிடி என்றால் அனுப்புவதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

மரத்தில் ரோஸ்வுட் என்ற ஒரே பெயரில் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் இரண்டாம் இணைப்பில் வந்தது. 2019 நவம்பரில் விதியைத் தளர்த்தி, ஒரு அனுப்புதலில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருக்கும் முடிந்த பொருள்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே ரோஸ்வுட் பிடி போட்ட ஒரு கத்திக்கு இன்று அனுமதிச் சீட்டு தேவைப்படாது. ஆனால் பிரேசிலிய ரோஸ்வுட் முதல் இணைப்பில் இருக்கிறது, அதற்கு இந்த விலக்கு கிடையாது. ‘ரோஸ்வுட்’ என்று மட்டும் எழுதினால் எந்த ரகம் என்று அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. இனத்தின் பெயர் தெரியாவிட்டால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். ஹோ மரம் என்பது ஒரு வகை மக்னோலியா, இதில் தொல்லை இல்லை.

மரப்பெட்டிக்கும் ஒரு விதி உண்டு. 6 மி.மீ.க்கு மேல் தடித்த சாதாரண மரப்பலகையால் பொதி செய்தால், ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டுத் தாவர நலத் தரப்படி, மரத்தின் உள்பகுதியை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான அல்லது அதற்கு ஈடான வேறு சிகிச்சைக்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். விலையுயர்ந்த கத்தியைப் பத்திரமாக அனுப்புகிறேன் என்று தெருத் தச்சரிடம் பலகை அடித்து வாங்குவது இந்த விதியில் போய் மோதும். பிளைவுட்டுக்கும் அட்டைக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பெட்டி அட்டையாகவே இருக்கட்டும்.

அமெரிக்காவின் முத்திரை விதி

அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் ஆங்கிலப் பெயரைக் கேட்கிறது. மற்ற பொருளுக்கு ஒட்டுத்தாள் போதும், கத்திக்குப் போதாது. கத்தி, கத்தரி, அறுவைக் கருவி, குறடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி விதி: அச்சு முத்திரையாலோ, அமிலத்தாலோ மின்னாலோ அரித்தோ, செதுக்கியோ, இறுகப் பொருத்திய உலோகத் தகட்டாலோதான் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். சகாய்க் கொல்லர் அலகில் உளியால் வெட்டும் கான்ஜி எழுத்துகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ஏற்றுமதிக்கான கத்திகளில் பிடியை ஒட்டிப் பொடி எழுத்தில் ‘ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் அரித்திருப்பது இதற்காகத்தான். வியாபாரத்துக்குப் பத்துக் கத்தி இறக்குபவர் இதைக் கொல்லரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், வந்தபின் அரிப்பது இரட்டைச் செலவு.

இன்னொரு பெரிய மாற்றம் வரியில். 2016 முதல் அமெரிக்காவுக்குள் 800 டாலர் வரையிலான பார்சல் தீர்வையின்றிப் போய்க்கொண்டிருந்தது. நம் 20,000 யென் கத்தி எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் போனது. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அந்தக் கதவு மூடப்பட்டது. வரியை யார் வசூலித்து எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாததால் ஜப்பான், இந்தியா உட்படப் பல நாட்டுத் தபால் துறைகள் அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவுக்கான பொருள் பார்சல்களை நிறுத்தி வைத்தன. அதன்பின் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தாலும் தீர்வை விகிதம் அடிக்கடி மாறுகிறது. போன மாதம் நண்பர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அனுப்பும் நாளின் விகிதம்தான் கணக்கு. அமெரிக்க அட்டவணையில் 8211-இன் பல உட்பிரிவுகளில் ஒரு கத்திக்கு இத்தனை சென்ட், அதோடு மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற கலப்புத் தீர்வை இருக்கிறது. பிடி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தும் உட்பிரிவு எண் மாறும். எண்ணிக்கையையும் பிடியின் பொருளையும் எழுதச் சொல்வது அதனாலும்தான்.

பணக் கணக்கு

எந்தத் தொகையின் மேல் வரி என்பதே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தீர்வைக்குப் பொருளின் விலையை எடுத்துக்கொள்கின்றன, பன்னாட்டுச் சரக்குக் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், இந்தியா மூன்றும் சரக்குக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த தொகையில் போடுகின்றன. 20,000 யென் கத்திக்கு 4,000 யென் விரைவுக் கூரியர் என்றால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. இன்வாய்ஸில் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டாவிட்டால், விமானச் சரக்குக்கு விலையில் 20 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ள இந்திய மதிப்பீட்டு விதியில் இடம் இருக்கிறது.

இந்தியக் கணக்கின் நடை இப்படி. எல்லாம் சேர்த்து வரி போடும் மதிப்பு 10,000 ரூபாய், அடிப்படைத் தீர்வை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 1,000. அந்தத் தீர்வையில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 100. இப்போது 11,100-இன் மேல் இறக்குமதிக்கான 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., 1,998. ஆக 3,098 ரூபாய். வரியின் மேல் வரி ஏறுவதால்தான் 28 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டவருக்குக் கிட்டத்தட்ட 31 வருகிறது. ஆனால் ஒற்றைக் கத்தியைக் கூரியர் நிறுவனம் 8211-இல் போடாமல், சொந்த உபயோகப் பொருள் எல்லாவற்றுக்குமான 9804-இல் போட்டுவிடலாம், அங்கே விகிதம் வேறாக இருக்கலாம். எந்த எண்ணில் தாக்கல் செய்யப் போகிறார்கள் என்று பார்சல் இறங்குமுன் மின்னஞ்சலில் கேட்டு வைப்பது புத்திசாலித்தனம். தாக்கலுக்குப் பிறகு மாற்றுவது லேசில் நடக்காது.

‘கிஃப்ட்’ என்று எழுதினால் வரி இல்லை என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம், பலன் குறைவு. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் உண்மையான பரிசுக்கு பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரைதான் சலுகை. இந்தியா 2019 டிசம்பரில் பரிசுப் பார்சல் சலுகையை ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. கடையிலிருந்து வரும் கத்திக்குப் பரிசு என்ற சொல்லே பொய். விலையைக் குறைத்து எழுதுவதும் அப்படித்தான். அந்தக் கத்தியின் விலை இணையத்தில் கிடக்கிறது, அதிகாரி தேட அரை நிமிடம் போதும். வழியில் தொலைந்தால் காப்பீடும் எழுதிய தொகைக்கு மேல் தராது.

பிரிட்டனில் 135 பவுண்டு வரை விற்பவரே விற்பனையின்போது வாட் வசூலிக்க வேண்டும். அதற்கு மேல் எல்லையில் 20 சதவீத வாட், தீர்வை இருந்தால் அதுவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எவ்வளவு சிறிய பார்சலுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரை விற்பவர் ஐ.ஓ.எஸ்.எஸ். எனும் இறக்குமதி வாட் பதிவின் மூலம் முன்கூட்டியே கட்டலாம். அந்தப் பதிவு எண் மின்னணுத் தகவலில் விட்டுப்போனால் வாங்கியவர் இரண்டாம் முறை கட்ட நேரும். ஆஸ்திரேலியாவில் 1,000 டாலர் வரை 10 சதவீதமும், சிங்கப்பூரில் 400 டாலர் வரை 9 சதவீதமும், பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளரே ஜி.எஸ்.டி. வசூலிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேல் கூரியரின் முன்பணக் கட்டணம் என்று ஒன்று தனியாக வரும். வரியை அவர்கள் முதலில் கட்டி உங்களிடம் வாங்குவதற்கான கூலி அது. விலை குறைந்த கத்தியில் வரியைவிட அந்தக் கூலி பெரிதாக இருப்பதும் உண்டு.

எனவே விற்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது டி.டி.பி.யா டி.ஏ.பி.யா என்பதை. முதலாவதில் வரி அனுப்புபவர் பொறுப்பு, இரண்டாவதில் வாங்குபவர் பொறுப்பு. டி.ஏ.பி.யில் வாங்கியவர் வரியைப் பார்த்து மலைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால், திரும்பும் கட்டணம் அனுப்பியவர் தலையில். தெரியாத வாடிக்கையாளருக்கு டி.டி.பி. என்பதே என் வாக்கு.

பொதி கட்டுவது

கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் கடினப்படுத்திய எஃகு கூராக இருக்கும், ஆனால் வளையாமல் உடையும். பார்சல் செங்குத்தாக விழும்போது பிடியின் எடை கத்தியை முன்னால் தள்ளுகிறது. முனை அட்டையைத் துளைத்து எதிலாவது இடித்து 2 மி.மீ. போய்விடுகிறது. முனைக்கு ரப்பர் மூடி போடுவதைவிட, முனை எதையும் தொடாதபடி கத்தியைப் பிடியிலிருந்து நிறுத்துவதே சரி.

கத்தியைவிட 6 செ.மீ. நீளமான இரட்டைச் சுவர் அட்டையை அலகின் மேல் மடித்துப் போடுங்கள். முனைக்கும் அட்டையின் மூடிய ஓரத்துக்கும் 3 செ.மீ. இடைவெளி. பிடியைக் காகிதத்தில் சுற்றி, அந்தக் காகிதத்தின் மேல் டேப்பால் அட்டையோடு கட்டுங்கள். மரத்தில் நேரடியாக டேப் ஒட்டினால் பசை ஏறும். இந்த அட்டைக் கட்டு ஒரு சிறிய பெட்டியில். அந்தப் பெட்டி இன்னொரு பெட்டியில், எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தையோடு. குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

கார்பன் எஃகுக்குத் துரு ஒரு தனிப் பிரச்சினை. சுங்கத்தில் இரண்டு வாரம் கிடந்தால் அந்த இரண்டு வாரமும் ஈரம் வேலை செய்யும். காமெலியா எண்ணெயோ உணவுத் தர மினரல் எண்ணெயோ மெல்லியதாகத் தடவி, துருத் தடுப்புக் காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, 5 கிராம் சிலிக்கா ஜெல் ஒன்று வைத்தால் போதும். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டிக்கொள்ளும். தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் அதில் பதனிட்ட உப்பும் ஈரமும் எஃகை அரிக்கும். அதைத் தனியாக வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

பெட்டியைத் திறக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கட்டுங்கள். முழுக்கப் பசை டேப் சுற்றினால் அதிகாரி கட்டர் எடுப்பார். பிடியில் கீறல் விழுவது அப்படித்தான். உள்பெட்டியின் மேல் ‘கூரான சமையல் கத்தி, இந்தப் பக்கம் திறக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு தாள். இன்வாய்ஸ் மூன்று பிரதி வெளிப்பையில், ஒன்று உள்ளே. அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த கத்தியின் படம் ஒன்றை உள்ளே வைத்தால், சில நேரம் அட்டையைப் பிரிக்காமலே பார்த்துவிட்டு மூடுவார்கள். எக்ஸ்ரேயில் தெரியாதிருக்க அலுமினியத் தாளில் சுற்றும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். எஃகு எப்படியும் தெரியும், தாள் சுற்றியதும் சேர்ந்து தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போகும் அரிவாள்மனைக்கும் இதே தத்துவம். கொக்கி போல் நிமிர்ந்த அலகு பலகையில் நிற்பதை அதைப் பார்த்திராத அதிகாரி எக்ஸ்ரேயில் என்னவென்று நினைப்பார்? ‘காய் நறுக்கும் சமையலறைக் கருவி, மரப்பலகையில் பொருத்திய அலகு’ என்று எழுதி, உட்கார்ந்து காய் நறுக்கும் படம் ஒன்றையும் வையுங்கள். அலகு மடங்கும் மாடல் என்றால் மடக்கிக் கட்டுங்கள். பலகையில் பட்டையோ வண்டு துளைத்த ஓட்டையோ இருந்தால் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பாதீர்கள், அங்கே கத்தியைப் பார்ப்பதற்கு முன் மரத்தைப் பார்ப்பார்கள். வீச்சரிவாளை எந்தப் பெயரில் எழுதியும் அனுப்ப முயல வேண்டாம்.

நின்றுவிட்டால்

கண்காணிப்பு எண்ணில் ‘சுங்கத்தில் உள்ளது’ என்று வருவதும், கையில் அறிவிப்புக் கடிதம் வருவதும் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் ஆவணம் கேட்கும் இடைநிறுத்தம். இந்தியாவில் கூரியர் ஆதார் அல்லது பான் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் ஸ்பாமில் கிடப்பதே பல பார்சல் நிற்பதற்குக் காரணம். நாள் கடந்தால் கிடங்கு வாடகை ஓடும். இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, கடையின் தயாரிப்புப் பக்கம், அளவு தெரியும் படம், உபயோகம் பற்றி இரண்டு வரி, இவற்றை ஒரே பி.டி.எஃப்.பில் ஒரே நாளில் அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் ஒவ்வொன்றும் வரிசையின் கடைசிக்குப் போகும்.

கடிதம் வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். கோபமாக எழுதுவதால் ஒன்றும் நகராது. அந்தப் பிரிவின் எந்த அம்சம் உங்கள் கத்தியில் இல்லை என்று காட்டுவதுதான் பதில். கெடு முக்கியம்: பிரிட்டனில் பறிமுதலை எதிர்க்க ஒரு மாதம், அமெரிக்காவில் மனுவுக்கு 30 நாள், கனடாவில் 90 நாள். கடிதம் அனுப்பியவர் பெயரில் போயிருக்கலாம் என்பதால் இருபுறமும் கேளுங்கள். வாதாட விருப்பமில்லை என்றால், திருப்பி அனுப்ப முடியுமா என்று அதே கெடுவுக்குள் கேளுங்கள். சில சமயம் ஒத்துக்கொள்வார்கள், கட்டணம் உங்களுடையது.

முனை உடைந்து சகாய்க்கே பழுதுபார்க்கத் திருப்பி அனுப்பும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: திரும்பி வரும் கத்திக்கு முழு மதிப்பில் மறுபடியும் வரி. இதைத் தவிர்க்கப் பல நாடுகளில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் 2017-இன் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கை, பிரிட்டனில் வெளிநாட்டில் பழுது பார்த்துத் திரும்பும் பொருளுக்கான ‘அவுட்வர்ட் பிராசஸிங்’ நிவாரணம், அமெரிக்காவில் பழுது பார்த்து வரும் பொருளுக்கு 9802.00.50. ஆனால் எதற்குமே, போன கத்தியும் வந்த கத்தியும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வெளியே போகும் பார்சலின் படிவத்திலேயே ‘பழுதுக்காக, திரும்பி வரும்’ என்று எழுதி, அலகின் முத்திரை தெளிவாகத் தெரியும் படத்தையும் அனுப்பிய ரசீதையும் வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது கொல்லரிடம் இரண்டு வரி உள்ள இன்வாய்ஸ் கேளுங்கள்: ஒன்றில் பழுதுக் கூலி, இன்னொன்றில் கத்தியின் மதிப்பு. கூலியைப் பூஜ்யம் என்று எழுதித் தர அவர் முன்வந்தாலும் உண்மையான கூலியையே எழுதச் சொல்லுங்கள். பூஜ்யத்தைப் பார்த்தால் சுங்கம் தானாக ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும்.